தேர்வுப் பிரிவுக்குப் பக்கத்து அறை: ஒரு கல்லூரியின் மனநல ஆலோசனை மையம்

சென்ற ஆண்டு புரட்டாசியில், என் அக்கா மகன் படிக்கும் கல்லூரியிலிருந்து அவனுடைய வகுப்பாசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பியைக் கவுன்சிலிங்குக்கு வரச் சொல்லியிருக்கோம். வீட்டிலேர்ந்து பெரியவங்க ஒருத்தர் கூட வந்தா நல்லது" என்றார். நம் பக்கத்தில் கவுன்சிலிங் என்றால் ஒரே பொருள்தான்: பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு, தரவரிசை எண் எப்போது வரும் என்று காத்திருந்து, பொறியியலுக்கோ வேளாண்மைக்கோ இடம் எடுப்பது. பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறவனுக்கு எதற்கு மறுபடியும் சீட்டு என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "இது அந்தக் கவுன்சிலிங் இல்லைங்க, மனசு சம்பந்தப்பட்டது" என்றார். குரலை எங்கே தாழ்த்த வேண்டும் என்று அந்தக் கல்லூரியில் ஒருவருக்காவது தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதைப் பின்னால் கண்டேன்.

இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் உள்ள அந்தக் கல்லூரியின் மாணவர் மனநல ஆலோசனை மையத்தை எட்டு மாதங்களாக ஒரு குடும்பத்தவனாகப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு இப்படி ஓர் அறை இருப்பதே தெரியாமல் இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரை எழுதினால் பையன் யார் என்று எங்கள் ஊரில் ஒரே நாளில் தெரிந்துவிடும். அவனிடம் படிக்கக் கொடுத்து, அவன் சரி என்றவற்றை மட்டுமே எழுதுகிறேன். இரண்டு பத்திகளைக் கோடு போட்டு அடித்துவிட்டான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே நோட்டு எங்கே இருக்கிறது, அதில் யார் எழுதுகிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்பதுதான் முதலில் என் கண்ணில் படும். இந்த மதிப்புரை கொஞ்சம் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். அத்தான் விசைப்படகு ஓட்டுநர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஆனியில் கடலுக்குப் போன சில நாட்களில் இலங்கைக் கடற்படையிடம் படகோடு பிடிபட்டார். இங்கே இது எந்த வீட்டுக்கும் புதிய செய்தியல்ல. யாழ்ப்பாணத்துச் சிறையில் வைப்பார்கள், நீதிமன்றக் காவலை நீட்டித்துக்கொண்டே போவார்கள், ஒவ்வொரு தேதிக்கும் வீட்டில் அடுப்பு எரியாது. அத்தான் ஆவணிக் கடைசியில் விடுதலையாகி வந்துவிட்டார், படகு வரவில்லை. அதுவரை கலங்காமல் வழக்கறிஞருக்கும் சங்கத்துக்கும் அலைந்துகொண்டிருந்த பையன், அப்பா வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உட்கார்ந்துபோனான். சோறு வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பான். விடியும்வரை விழித்திருந்துவிட்டுப் பேருந்தில் தூங்குவான். கல்லூரிக்குப் போவான், கடைசி வரிசையில் இருப்பான், ஒப்படைப்பு எதையும் கொடுக்க மாட்டான். "அப்பா வந்தா சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்த எங்களுக்கு, அப்பா வந்த பிறகும் ஏன் சரியாகவில்லை என்பது விளங்கவில்லை. காரணம் தீர்ந்துவிட்டால் நோயும் தீர்ந்துவிடும் என்று நினைத்தோம்.

கல்லூரி அழைத்த செய்தியை அக்காவிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "ஏர்வாடிக்கா கொண்டு போகச் சொல்றாங்க?" என்பதுதான். வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியாது. ஏர்வாடி தர்காவுக்கு, மனநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊரில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகி, 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. நோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. சட்டம் வந்துவிட்டது; ஆனால் எங்கள் கடற்கரையில் இன்றும் ஒரு பிள்ளை அடம்பிடித்தால் "உன்னை ஏர்வாடியில கட்டிப் போடணும்" என்று திட்டுகிற வாய்கள் ஓயவில்லை. அந்த வசவைக் கேட்டு வளர்ந்த ஒரு பையனோ பெண்ணோ, மனநலம் என்று பலகை மாட்டிய கதவைத் தானாகவே திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இந்த மையத்தின் நிறை குறை எதுவானாலும் அந்தக் கதவிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

கதவு தவறான இடத்தில் இருக்கிறது. நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், தேர்வுப் பிரிவுக்கு அடுத்த அறை அது. அரியர் கட்டணம் கட்டவும், மதிப்பெண் சான்றிதழ் வாங்கவும், பெயரில் எழுத்துப் பிழை திருத்தவும் வருகிற மாணவர் வரிசை எப்போதும் அந்தக் கதவைத் தாண்டித்தான் நீண்டு நிற்கிறது. முன்பு பழைய விடைத்தாள்களை அடுக்கி வைத்திருந்த அறையாம். ஒட்டுப்பலகையால் தடுத்து இரண்டாக்கி, ஒரு பாதியை மையத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். தடுப்பு கூரைவரை எழும்பவில்லை. மேலே ஒன்றரை அடி இடைவெளி இருக்கிறது. அந்தப் பக்கத்தில் எழுத்தர் ரசீது கிழிக்கும் சத்தம் இந்தப் பக்கத்தில் கேட்கிறது என்றால், இந்தப் பக்கத்து அழுகை அந்தப் பக்கத்தில் கேட்காதா என்பதை யாரும் யோசிக்கவில்லை. மின்விசிறி பெரிய சத்தத்தோடு ஓடுகிறது. அதைப் பழுது பார்க்கலாமே என்று நான் ஆலோசகரிடம் சொன்னபோது, "வேண்டாங்க, அந்தச் சத்தம்தான் எங்களுக்குச் சுவர்" என்றார்.

இனி நோட்டு. நாங்கள் முதன்முறை போனபோது, கதவுக்கு வெளியே ஒரு மேசையில் நீள நோட்டு ஒன்று விரித்து வைக்கப்பட்டிருந்தது. பேனாவை நூலில் கட்டியிருந்தார்கள். வரிசை எண், பெயர், துறை, ஆண்டு, தொலைபேசி எண், "வந்த காரணம்" என்று கட்டம் போட்டிருந்தது. என் அக்கா மகன் பேனாவை எடுத்தான், எழுதவில்லை. மேலே இருந்த வரிகளைப் படித்துக்கொண்டே நின்றான். அவனுக்கு மேலே பதினொரு பெயர்கள் இருந்தன. காரணக் கட்டத்தில் பெரும்பாலோர் "சந்தேகம்" என்றும் "படிப்பு" என்றும் எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும், உண்மையைத்தான் கேட்கிறார்கள் என்று நம்பி, தன் வீட்டில் நடப்பதை மூன்று சொற்களில் எழுதியிருந்தாள். அந்த மூன்று சொற்களை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அரியர் வரிசையில் நின்ற எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. ஐஸ் பார் எத்தனை போயிற்று என்று எழுதும் எங்கள் நோட்டைக்கூட நாங்கள் மேசை அறைக்குள் வைத்துத்தான் பூட்டுகிறோம்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. வெளியே போட்டிருந்த பெஞ்சில் பர்தா அணிந்த ஒரு மாணவி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலுவலக உதவியாளர் ஒருவர் வந்து, தாலுகா அலுவலகத்தில் கூப்பிடுகிற குரலில், "கவுன்சிலிங் யாரு? கவுன்சிலிங்குக்கு வந்தது யாரு?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் அனைவரும் திரும்பினார்கள். அந்தப் பெண் எழுந்தாள், பையைத் தோளில் மாட்டினாள், நேரே போய்க் கட்டண வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள். ஐந்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டு வாசல் பக்கமாகப் போய்விட்டாள். அந்த உதவியாளர் கெட்டவர் அல்லர். தம் வேலையைத்தான் செய்தார். இப்படிப்பட்ட அறைக்கு முன்னால் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த நெறிமுறைகளில், ஆசிரியர்களுக்கு மட்டுமல்லாமல் ஆசிரியர் அல்லாத பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநலம் குறித்த பயிற்சி கட்டாயம் என்று இருக்கிறது. அதைப் பின்னால் படித்தபோது, எழுதியவர்கள் இந்த உதவியாளரை நேரில் பார்த்திருப்பார்களோ என்று தோன்றியது.

இத்தனை குறைகளையும் தாண்டி உள்ளே போனால் நிலைமை வேறாக இருக்கிறது. ஆலோசகர் ஒரு பெண்மணி, உளவியலில் முதுகலை படித்தவர், பகுதிநேர ஊழியர். மாணவர்கள் "கவுன்சிலிங் மேடம்" என்கிறார்கள். மேசைக்கு எதிரே நாற்காலி போடாமல் மேசையின் பக்கவாட்டில் போட்டிருக்கிறார். முகத்துக்கு முகம் பார்த்துத்தான் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடிகாரம் அவர் பார்வைக்குப் படுகிறது, வருகிறவர் பார்வைக்குப் படவில்லை. ஒரு மூலையில் மண்பானையும் எவர்சில்வர் டம்ளரும் இருக்கின்றன. உட்கார்ந்ததும் தண்ணீர் மொண்டு கொடுக்கிறார். இந்த மாவட்டத்தில் தண்ணீர் கொடுப்பது வெறும் உபசாரம் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். "என்ன பிரச்சினை" என்று அவர் கேட்கவே இல்லை. "நைட்டு தூக்கம் வருதா? சோறு இறங்குதா? எந்த பஸ்ல வர்றே?" என்று மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றாவது கேள்விக்குத்தான் பையன் வாய் திறந்தான். எந்தப் பேருந்து, எத்தனை மணி, பாம்பனில் எத்தனை பேர் ஏறுவார்கள், இருக்கை கிடைக்குமா என்று சொல்லிக்கொண்டே வந்தவன், தூங்கிப்போய் நிறுத்தம் தவறிய கதைக்கு வந்து, அங்கிருந்து தூங்காத இரவுகளுக்கு வந்துவிட்டான். அந்த இடத்தில் என்னை வெளியே போகச் சொன்னார். சொன்ன விதத்தில் எனக்கு வருத்தம் வரவில்லை.

என்னை அனுப்புவதற்கு முன்பே, எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு ஒரு விதியைச் சொன்னார். இங்கே பேசுவது ஆசிரியருக்கும் போகாது, முதல்வருக்கும் போகாது, மாமாவுக்கும் போகாது. அவனுடைய உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் மட்டும், அவனிடம் சொல்லிவிட்டே வீட்டாரிடம் பேசுவேன் என்றார். விதிவிலக்கை முதலிலேயே சொல்லிவிட்டது எனக்குப் பிடித்திருந்தது. "எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுப் பிறகு சொல்ல நேர்ந்தால், அந்தப் பிள்ளை வாழ்நாளில் யாரிடமும் வாய் திறக்காது.

அங்கே நிரப்பக் கொடுக்கிற கேள்வித்தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். பி.எச்.க்யூ-9 என்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிற மனச்சோர்வு வினாத்தாள்தான் அது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், கூட்டினால் அதிகபட்சம் 27. கடந்த இரண்டு வாரங்களில் எந்த அளவுக்கு இப்படி இருந்தது என்று கேட்கும். பையனிடம் கொடுத்த தமிழ்ப் பிரதியின் தமிழை நான் பாராட்ட மாட்டேன். யாரோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். ஆர்வம் குன்றுதல், ஈடுபாட்டின்மை, நம்பிக்கையின்மை என்று அடுக்கினால் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அது பொருளாதாரப் பாடம் போல இருக்கும். எங்கள் பக்கத்தில் மனம் கெட்டிருப்பதை "மனசு சரியில்லை", "ஒரு மாதிரியா இருக்கு", "நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்கு" என்றுதான் சொல்வார்கள். பலர் அதையும் சொல்லாமல் தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லி மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். ஆலோசகர் தாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி உட்காரவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து எங்கள் பேச்சுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறார். "சாயங்காலம் கடற்கரையில பந்து விளையாடப் போவியே, இப்பப் போறியா?" என்பது ஆர்வத்தைப் பற்றிய கேள்வி. இரண்டு வாரம் என்பதற்குப் பதிலாக, "போன அமாவாசையிலேர்ந்து இந்தப் பௌர்ணமி வரைக்கும்" என்றாராம். கடல்காரன் பிள்ளைக்கு நீரோட்டத்தின் கணக்குப்படி இரண்டு வாரம் என்றால் அதுதான். பரமக்குடிப் பக்கத்து வெள்ளாமைக் குடும்பத்திலிருந்து வந்த அந்த அம்மாள் இதை யாரிடமிருந்து கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். மாணவர்களிடமிருந்துதான் என்றார்.

ஒன்பதாவது கேள்வி, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்ததா என்பது பற்றியது. அதையும் அவர் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டார் என்று பையன் சொன்னபோது எனக்குத் திக்கென்றது; இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாக ஆகிவிடாதா என்று அடுத்த முறை போனபோது கேட்டேன். ஆகாது, நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, ஏற்கெனவே இருந்தால் அதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். இது அவருடைய சொந்தக் கருத்து அல்ல. அந்தத் துறையில் நிலைபெற்றுவிட்ட ஒன்று. வீட்டில் யாரைப் பற்றியாவது அந்தச் சந்தேகம் வந்தால், மழுப்பாமல் கேட்டுவிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லாப் பெற்றோரிடமும் இப்போது சொல்லி வருகிறேன்.

வினாத்தாளின் மதிப்பெண் கூடுதலாக இருந்ததால், இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். ஆலோசகர் மாத்திரை எழுத முடியாது, அதற்கு மனநல மருத்துவர் வேண்டும் என்ற வேறுபாடே எங்களில் பலருக்குத் தெரியாது. கடிதத்தைக் கல்லூரி முத்திரை இல்லாத வெறும் உறையில் போட்டுக் கொடுத்தார். வழியில் யார் பார்த்தாலும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு என்று நினைப்பார்கள். மருத்துவர் தினம் ஒரு மாத்திரை எழுதினார். இவ்வகை மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும், தேறிவிட்டது போலத் தோன்றியவுடன் நாமாக நிறுத்திவிடக் கூடாது என்று அங்கே சொன்னதை, அடுத்த வாரமே ஆலோசகர் அக்காவை அழைத்து மறுபடியும் சொன்னார். "பழகிப்போயிரும்" என்ற பயத்தில் அக்கா பத்தாம் நாளே மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அந்த அழைப்பு வராமல் இருந்திருந்தால் அட்டை அங்கேயேதான் இருந்திருக்கும். மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டோம் என்று கையைத் துடைத்துக்கொள்ளாமல் பின்தொடர்ந்து கேட்டதற்காக மட்டுமே இந்த மையத்துக்கு நான் நல்ல மதிப்பெண் போடுவேன். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனபோது துறைக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அதில் "மருத்துவக் காரணம்" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் ஒன்றுமில்லை.

நேரத்தைப் பற்றி மனக்குறை நிறையவே உண்டு. ஆலோசகர் செவ்வாய், வெள்ளி என இரண்டு நாட்கள், பிற்பகல் இரண்டு மணிக்கு வருகிறார். கல்லூரியின் காலைச் சுழற்சி ஒன்றரை மணிக்கு முடிந்துவிடுகிறது. கடற்கரை ஊர்களுக்குப் போகும் நகரப் பேருந்து ஒன்றே முக்காலுக்கு. அதை விட்டால் நாலேகாலுக்கு. கட்டணமில்லாப் பேருந்தை நம்பிப் படிக்க வரும் பெண்பிள்ளை, இரண்டரை மணி நேரம் ஏன் தங்கினாய் என்ற கேள்விக்கு வீட்டில் என்ன பதில் சொல்லும்? வெள்ளிக்கிழமையன்று கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் மாணவர்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விடுவார்கள். இராமேஸ்வரம் தீவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை சேர்வதால், செவ்வாய்க்கிழமை காலையில் மீன் இறக்கப் போகிற பையன்கள் அன்று கல்லூரிக்கே பாதித் தூக்கத்தில்தான் வருவார்கள். ஏழு நாட்களில் இந்த இரண்டை யார் பொறுக்கி எடுத்தார்களோ தெரியாது; இந்தக் கடற்கரையின் கிழமைகளை அறிந்த ஒருவர் எடுத்திருக்க மாட்டார். மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிய கல்லூரிக்கு ஒரே ஒரு பகுதிநேர ஆலோசகர் என்பது தனிக் கதை. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்ற மேற்சொன்ன நெறிமுறை, எழுத்தளவில் இங்கே நிறைவேறிவிட்டது.

அதைவிடப் பெரிய ஓட்டை விடுமுறைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். ஏறத்தாழ அதே நாட்களில்தான் தேர்வு முடிந்து கல்லூரியும் மூடுகிறது, ஆலோசகரின் ஒப்பந்தமும் முடிகிறது. வீட்டில் வருமானம் நின்று, தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் எப்போது கணக்கில் ஏறும் என்று பார்த்துக்கொண்டு, வேலையில்லாத ஆண்கள் அனைவரும் வீட்டிலேயே இருக்கிற இரண்டு மாதங்கள் அவை. சண்டையும் குடியும் கடன்காரர் குரலும் கூடுகிற காலம். தேர்வு முடிவுக்காகப் பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். எப்போது கதவு திறந்திருக்க வேண்டுமோ அப்போது பார்த்துக் கதவு பூட்டியிருக்கிறது. சென்னையில் உள்ள கல்லூரிக்குப் பொருந்துகிற நாட்காட்டியை மண்டபத்துக்கும் தொண்டிக்கும் அப்படியே மாட்டிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

அந்த இடைவெளிக்கு ஆலோசகர் கொடுத்தது ஓர் எண்: 14416. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடக்கிறது. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். கணக்குப்பிள்ளைப் புத்தி விடாது. ஓர் இரவு பதினொரு மணிக்கு நானே அழைத்துச் சோதித்தேன். ஒரு பெண் எடுத்தார். பையனின் மாமா பேசுகிறேன், எண் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அழைத்தேன் என்று அசடு வழியச் சொன்னேன். "பரவாயில்லைங்க, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு எதிர்பாராத அளவு நேரம் பிடித்தது. மையத்தின் சுவரில் இந்த எண்ணை ஒட்டியிருக்கிறார்கள்; ஆனால் அறைக்கு உள்ளே. கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டினால் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எழுதிக் கொடுத்தவை மொத்தம் நான்கு. நோட்டை எடுத்துவிட வேண்டும் என்பது முதலாவது. அதை மட்டும் ஒரே வாரத்தில் செய்துவிட்டார்கள், அதுவும் ஆலோசகர் தாமாகச் செய்ததுதான். இப்போது எண் போட்ட அட்டைத் துண்டு ஒன்று கொடுக்கிறார். பெயர் அவருடைய பெட்டிக்குள் இருக்கிறது, வெளியே எண் மட்டும்தான். "கடலுக்குப் போகவும் டோக்கன், இதுக்கும் டோக்கனா மாமா" என்று பையன் சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் சிரித்துக் கேட்டது அன்றுதான் என்பதால் நாள் நினைவிருக்கிறது. அறையை நூலகத்தின் பின்பக்கத்துக்கு மாற்ற வேண்டும், நேரத்தைப் பன்னிரண்டு மணியிலிருந்து தொடங்க வேண்டும் என்ற இரண்டுக்கும் "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. அந்தச் சொல்லின் பொருள் இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 14416 எண்ணை வெளியே ஒட்டுவதைப் பற்றிப் பதிலே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் அங்கே பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்டால், அனுப்பலாம். மூன்றை மட்டும் செய்யுங்கள்: முதல் முறை கூடவே போங்கள், தேர்வுப் பிரிவு வரிசை கலைந்த பிறகு போங்கள், "வெளியே கூப்பிட வேண்டாம், நாங்களே வருகிறோம்" என்று உதவியாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளே இருப்பவர் நல்லவர், வேலை தெரிந்தவர். அடுத்த கல்வியாண்டுக்கு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்பது இதை எழுதும் நாள்வரை அவருக்கே தெரியவில்லை. எனவே இந்தப் பாராட்டு ஆளுக்குத்தான், இடத்துக்கு அல்ல.

தடைக்காலம் முடிய இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அத்தான் வேறொருவர் படகில் ஓட்டுநராகப் போகப் பேசி முடித்திருக்கிறார். பையன் மருத்துவர் சொன்னபடி மாத்திரையைத் தொடர்கிறான்; ஒரு பாடத்தில் அரியர் விழும் என்று அவனே சொல்கிறான். சில நாட்களுக்கு முன் ரீசார்ஜ் செய்வதற்காக அவன் கைபேசியை வாங்கியபோது, தொடர்புப் பட்டியலில் "ஐஸ் கம்பெனி 2" என்று ஒரு பெயர் இருந்தது. எங்கள் கம்பெனிக்கு இரண்டாவது எண் கிடையாது. திறந்து பார்த்தேன்; 14416.